அறுந்த இணைப்பைக் கண்டுபிடித்த மேதை டெஜெரின்



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தர வேண்டும் என்று பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, எடிசனைப் பற்றியோ விஸ்வேசுவரய்யாவைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் எழுதியிருப்பது ஜோசப் ஜூல் டெஜெரின் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பற்றி. நம் வகுப்பில் இந்தப் பெயரைக் கேட்டவர் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் எந்த மருத்துவக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் சொல்வார். நரம்பியல் என்றால் அவர் பெயர் இல்லாமல் பாடமே கிடையாது. மின்னியல் படிக்கிறவனுக்கு நரம்பு டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் எங்கள் தெரு தையற்கடைத் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கியவர் தையற்கடைத் தாத்தா. விடுமுறை நாட்களில் அவர் கடையில் காஜா பையனாக உட்கார்ந்திருப்பேன். காலையில் பேப்பர் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் படிப்பார். டீ குடிக்க வந்தவர்கள், பால்காரர், கீரை விற்கிற அம்மா எல்லோரும் நின்று கேட்பார்கள். அடுத்த பத்தியை என்னைப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால் அளவுக் கோலால் செல்லமாக ஒரு தட்டு. நான் இன்று ஒரு டெக்னிக்கல் புத்தகத்தைத் திறக்கிறேன் என்றால் அந்தக் கடைத் திண்ணைதான் அதற்கு அஸ்திவாரம்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் தாத்தா பேப்பரைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இது என்ன பாஷைப் பேப்பர், யார் போட்டுவிட்டுப் போனது என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பேச்சு நன்றாக இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் கோக்கிறார். ஆனால் ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வாங்கினார்கள். பிரயோஜனம் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு கண்ணாடி. அதற்குள் தீபாவளித் துணி குவிந்துவிட்டது. அளவு நோட்டைத் திறந்தால் மார்பு 36, தோள் 17, கை 9 என்று எண்களைப் படிக்கிறார். பக்கத்தின் மேலே அவரே எழுதிய ஆள் பெயரைப் படிக்க முடியவில்லை. ஒருவர் துணியை இன்னொருவர் அளவுக்கு வெட்டிவிட்டார்.

தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முன்பணம் வாங்கிவிட்டு நாடகம் ஆடுகிறார் என்றார்கள். நண்பர்களே, வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். அவரைச் சோதித்துப் பார்க்க, வெள்ளிக்கிழமை வரவும் என்று எழுதுங்கள் தாத்தா என்றேன். மணிமணியாக எழுதினார். ஒரு பிழை இல்லை. தாளைத் திருப்பி வைத்திருந்து ஐந்து நிமிஷம் கழித்து அதையே அவரிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லையே தம்பி என்றார். எழுதத் தெரிந்தவனுக்கு எப்படிப் படிக்கத் தெரியாமல் போகும்? பொய் என்றே முடிவு கட்டினேன். அவர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்த பிறகும் என் மனசு முழுசாக நம்பவில்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். மூளையில் இடது பக்கம் பின்புறத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. அதனால் வலது பக்கப் பார்வையும் போயிருக்கிறது, அதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. எழுத்தைப் பார்த்துச் சொல்லாக அறியும் திறமை மட்டும் போய்விட்டது, எழுதும் திறமை போகவில்லை. இவர் நடிக்கவில்லை, இதை நூறு வருஷத்துக்கு முன்பே பாரீஸில் ஒருவர் நிரூபித்துவிட்டார் என்று சொல்லி, ஒரு சீட்டில் டெஜெரின் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நூலகத்திலும் செல்போனிலும் பல வாரம் தேடினேன். ஆங்கிலம் பாதி புரிந்தது, மீதிக்கு அகராதி. அப்படிச் சேர்த்ததுதான் இந்த வரலாறு.

வண்டிக்காரர் மகன்

டெஜெரின் பிறந்தது 1849-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி, சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில். பிரெஞ்சுக் குடும்பம். அப்பாவுக்குக் குதிரை வண்டி வாடகைக்கு விடும் தொழில். இந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு தனி சந்தோஷம். லோடு வண்டிக்காரர் மகனான நான் ஒரு வண்டிக்காரர் மகனின் கதையைப் படிக்கிறேன் அல்லவா?

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. அப்போது டெஜெரினுக்கு வயது 21. ஜெனீவாவில் ஒரு மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்து உதவி செய்தார். அந்த அனுபவம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்று தோன்றுகிறது. 1871-ல் மருத்துவம் படிக்கப் பாரீஸ் கிளம்பிவிட்டார். அந்த வருஷத்துப் பாரீஸ் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முற்றுகையில் பட்டினி கிடந்து மீண்ட நகரம், அதைத் தொடர்ந்து உள்நாட்டுக் கலவரம். பெரிய குடும்பப் பின்னணி கிடையாது. ஜெனீவா ஆசிரியர் ஒருவரின் அறிமுகத்தால் வுல்பியான் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கே பாரீஸ் மருத்துவமனைகளில் பதவி என்பது போட்டித் தேர்வுக்கு மேல் போட்டித் தேர்வு. ஒவ்வொரு படியாக ஏறி, 1879-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1886-ல் துணைப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. 1887-ல் பிசேத்ர் மருத்துவமனையில் பொறுப்பேற்று அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தையும் அமைத்தார். பிசேத்ர் என்பது முதியவர்களும் ஆதரவற்றவர்களும் தீராத நோயாளிகளும் வருஷக்கணக்கில் தங்கியிருந்த பழைய ஆஸ்பத்திரி.

அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ. கிடையாது. எக்ஸ்ரேயே 1895-ல்தான் வந்தது. மூளையில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று அறிய ஒரே வழிதான். நோயாளி உயிரோடு இருக்கும்போது அவரால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும். அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, எழுதி வைத்ததோடு பொருத்த வேண்டும். இடையில் பல வருஷம் காத்திருக்க நேரலாம். அந்தப் பொறுமைதான் டெஜெரினின் பெரிய பலம்.

துணையாக வந்த அகஸ்டா

அவர் வாழ்க்கையில் பாதி என்று சொல்லத் தக்கவர் அவர் மனைவி அகஸ்டா க்ளும்ப்கே. 1859-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் ஐரோப்பாவுக்கு வந்து மருத்துவம் படித்தார். பெண்கள் பாரீஸ் மருத்துவமனைகளில் உறைவிட மருத்துவர் தேர்வே எழுதக்கூடாது என்று இருந்த காலம். அந்தக் கதவு 1885-ல்தான் திறந்தது. எதிர்ப்புகளைத் தாண்டித் தேர்வெழுதி, 1886-ல் அந்தப் பதவியைப் பெற்ற முதல் பெண் ஆனார். கைக்குப் போகும் நரம்புக் கட்டின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டால் வரும் வாதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். டெஜெரினிடம் மாணவியாக இருந்த அவர் 1888-ல் அவரை மணந்தார். அதன் பிறகு மனைவியும் கணவருமாக ஒரே ஆராய்ச்சி மேசையில் உட்கார்ந்தார்கள். நம் கல்லூரியில் படிக்கும் சகோதரிகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஜவுளி வியாபாரியும் ஏ என்ற எழுத்தும்

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறேன். 1887 அக்டோபர். பாரீஸில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற 68 வயது ஜவுளி வியாபாரி ஒருவர். மருத்துவ நூல்கள் அவரை திரு. சி என்றே குறிப்பிடுகின்றன. நன்றாகப் படித்தவர், இசைப் பிரியர். ஒரு நாள் திடீரென்று ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாமல் போய்விட்டது. பேச்சு சரியாக இருக்கிறது, எதிரில் உள்ள பொருளும் மனிதர்களும் தெரிகிறார்கள். எங்கள் தாத்தாவைப் போலவே அவரும் கண்ணாடிதான் மாற்ற வேண்டும் என்று எண்ணிக் கண் டாக்டரிடம் போனார்.

அந்தக் கண் டாக்டர் லான்டோல்ட். கண் பரிசோதனை அட்டையில் ஒரு பக்கம் உடைந்த வளையங்களைப் பார்த்திருப்பீர்களே, அது இவர் பெயரில்தான் வழங்குகிறது. எழுத்து அட்டையைக் காட்டினார். ஒரு எழுத்தையும் சொல்ல முடியவில்லை. உருவத்தை வர்ணிக்கிறார். ஆங்கிலத்தில் நாம் ஏ என்கிற எழுத்து ஓவியர் படம் வைக்கும் முக்காலி மாதிரி இருக்கிறதாம். இசட் பாம்பு மாதிரி, பி பெல்ட் கொக்கி மாதிரி. இவை எழுத்துகள் என்று அவருக்குத் தெரிகிறது. என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனார். லான்டோல்ட் நல்ல மருத்துவர். கண்ணில் கோளாறு இல்லை, கோளாறு உள்ளே இருக்கிறது என்று புரிந்துகொண்டு டெஜெரினிடம் அனுப்பினார்.

இன்னொரு மருத்துவராக இருந்தால் வயசாகிவிட்டது, ஞாபக மறதி என்று எழுதி அனுப்பியிருக்கலாம். டெஜெரின் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தார். சொல்வதை எழுதச் சொன்னார், பிழையில்லாமல் எழுதினார். எழுதியதைப் படிக்கச் சொன்னார், முடியவில்லை. ஒன்றைப் பார்த்து எழுதச் சொன்னால் கோலம் போடுகிற மாதிரி கோடு கோடாக வரைகிறார். எண்களை வாசிக்கிறார், கணக்குப் போடுகிறார். இசைக் குறியீடுகளைப் படிக்க முடியவில்லை. ஆனால் மனைவி பாடிக் காட்டினால் காதால் கேட்டே பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டார். வலது பக்கப் பார்வை குறைந்திருந்தது. எழுத்தின் மேல் விரலை ஓட்டி வரைந்து பார்த்தால் என்ன எழுத்து என்று தெரிந்தது. கண் மறந்துபோனது கைக்கு ஞாபகம் இருந்தது!

இந்த நிலைமையில் திரு. சி நான்கு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். டெஜெரின் அவரை விடாமல் கவனித்து வந்தார். 1892 ஜனவரியில் அவருக்கு இரண்டாவது தடவை மூளையில் அடைப்பு ஏற்பட்டது. இந்தத் தடவை எழுதும் திறமையும் போயிற்று, பேச்சிலும் சொற்கள் குழறின. சில நாட்களில் இறந்துவிட்டார். டெஜெரின் மூளையைத் திறந்து பார்த்தார்.

இரண்டு விதமான சேதம் இருந்தது. ஒன்று பழையது, இன்னொன்று புதியது. பழைய சேதம் இடது பக்க மூளையின் பின்பகுதியிலும், வலது இடது மூளைகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புக் கட்டின் பின்முனையிலும். புதிய சேதம் இடது பக்கத்தில் சற்று மேலே ஆங்குலர் ஜைரஸ் என்கிற மடிப்பில். அந்த மடிப்பு கெட்டால் எழுதுவதும் படிப்பதும் சேர்ந்தே போகும் என்பதை அவர் அதற்கு முந்தைய வருஷமே, 1891-ல், வேறொரு நோயாளி மூலம் காட்டியிருந்தார். ஆக நான்கு வருஷம் திரு. சி எழுத முடிந்ததற்குக் காரணம், அந்த மடிப்பு அதுவரை நன்றாக இருந்ததுதான். கணக்கு பொருந்திவிட்டது.

நம் பாஷையில் சொன்னால்...

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இது நம் வயரிங் லேபில் செய்கிற கண்டினியூட்டி டெஸ்ட்தான்! சப்ளை இருக்கிறது. பல்பு ஃபியூஸ் போகவில்லை. ஆனால் சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. அப்படியென்றால் என்ன சொல்வோம்? நடுவில் எங்கோ லைன் ஓப்பன் ஆகிவிட்டது என்போம்.

கண்ணால் பார்ப்பது மூளையின் பின்பக்கம் போகிறது. இடது பக்கக் காட்சி வலது மூளைக்கும், வலது பக்கக் காட்சி இடது மூளைக்கும் போகும். பெரும்பாலோருக்கு மொழியும் எழுத்தும் இடது மூளையில். திரு. சிக்கு இடது மூளையின் பார்வைப் பகுதியே கெட்டுவிட்டது. வலது மூளை எழுத்தின் உருவத்தை நன்றாகப் பார்க்கிறது. ஆனால் அதை இடது பக்கத்து எழுத்து அறைக்குக் கொண்டுபோகும் பாலமும் அறுந்துவிட்டது. அறையில் விளக்கு எரிகிறது, வாசல் வழிதான் அடைபட்டுவிட்டது. அறைக்குள் இருப்பது கைக்குப் போய் எழுத்தாக வருகிறது. வெளியில் இருந்து உள்ளே போக முடியவில்லை. விரலால் தடவினால் தெரிந்தது எப்படி? அது வேறு லைன், அந்த லைன் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இல்லாமல், சர்க்யூட் டயகிராம் இல்லாமல், நான்கு வருஷம் கேள்வி கேட்டே ஒருவர் பழுது இருக்கும் இடத்தை ஊகித்திருக்கிறார் என்றால் அவரைப் பொறியாளர் என்றும் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

உழைப்பும் சண்டையும்

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. அகஸ்டாவோடு சேர்ந்து மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு நரம்புப் பாதையும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று வரைந்து, நரம்பு மையங்களின் உடற்கூறு என்ற மாபெரும் நூலை 1895-லும் 1901-லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதை மூளைக்கான வயரிங் டயகிராம் என்று சொன்னால் தப்பில்லை. அவர் மாணவர்களோடு சேர்ந்து விவரித்த நோய்கள் சில இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. 1895-ல் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு மாறினார். 1901-ல் மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர். நரம்பியலில் உலகப் புகழ் பெற்ற ஷார்கோ ஒரு காலத்தில் அலங்கரித்த அந்தப் பேராசிரியர் பீடம் டெஜெரினுக்குக் கிடைக்க 1910-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது.

அவருக்கு எதிரியும் உண்டு. ஷார்கோவின் மாணவரான பியர் மரி. 1906-ல் மரி, பேச்சுக்கு என்று மூளையில் பெரியவர்கள் காட்டிய இடம் சரியல்ல என்று எழுதினார். 1908-ல் பாரீஸ் நரம்பியல் சங்கத்தில் இருவருக்கும் பெரிய வாதம் நடந்தது. அகஸ்டாவும் அதில் கலந்துகொண்டு உடற்கூற்று ஆதாரங்களை எடுத்து வைத்தார். இந்தச் சண்டையில் சொந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருந்தது. பெரியவர்களுக்கும் கோபம் வரும். ஆனால் இருவரும் சத்தத்தை மட்டும் நம்பாமல் மூளைத் துண்டை மேசையில் வைத்து வாதாடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. அந்த ஆண்டுதான் அகஸ்டா அதே நரம்பியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். போர்முனையிலிருந்து தலையிலும் முதுகுத்தண்டிலும் குண்டு பாய்ந்த இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். வயதும் நோயும் பார்க்காமல் டெஜெரின் அவர்களுக்காக உழைத்தார். உடம்பு தாங்கவில்லை. 1917 பிப்ரவரி 26-ஆம் தேதி, 67-வது வயதில் காலமானார். யுத்தத்தால் மருத்துவத்துக்கு வந்தவர், யுத்தத்தில் அடிபட்டவர்களுக்கு உழைத்தே போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் பியர் மரி. அகஸ்டா 1927 வரை வாழ்ந்தார்.

மக்கு என்று சொல்லாதீர்கள்

டெஜெரின் கண்டது நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நோயால் அந்தத் திறமையை இழப்பதை. அந்த விளக்கம் இன்னொரு கதவையும் திறந்துவிட்டது. 1895-ல் கிளாஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1896-ல் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அடி எதுவும் படவில்லை, நோய் இல்லை, கணக்கு நன்றாகப் போடுகிறான், பேச்சில் புத்திசாலி. எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தும் படிக்க மட்டும் வரவில்லை. எல்லாப் பாடத்தையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் ஆசிரியரே கருதினாராம். இன்று டிஸ்லெக்சியா என்று நாம் கேள்விப்படுவதன் ஆரம்ப அத்தியாயம் இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு வந்ததும் அந்தப் பையனுக்கு இருந்ததும் ஒன்றல்ல. அவருடையது அடைப்பால் வந்தது. பிறவியிலேயே வருவது வேறு, அதில் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் பெரும்பாலும் சிரமம் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டிலும் கண்ணில் குறை இல்லை, புத்தியில் குறை இல்லை, சோம்பேறித்தனம் இல்லவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? நம் வகுப்பிலேயே தியரியில் அரியர் வைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கை வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஜாயின்ட் போடுகிற நண்பர்கள் இல்லையா? அவர்களில் சிலருக்கு இப்படி ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாமல் மக்கு என்று பெயர் வைக்க நாம் யார்?

இன்னொரு செய்தி. டெஜெரின் வேலை செய்த அதே பாரீஸ் நகரத்தில், கோயன், டெஹேன் என்ற ஆராய்ச்சியாளர்களும் அவர்கள் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில், உயிரோடு இருப்பவர்களின் மூளையைக் கருவி மூலம் பார்த்து, எழுதிய சொல்லைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு சின்ன இடத்தைக் காட்டினார்கள். அது இடது மூளையின் பின்புறம் கீழ்ப்பக்கம். திரு. சியின் பழைய சேதம் இருந்த சுற்றுவட்டாரம்தான். 2010-ல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். அந்த இடம் பிறக்கும்போதே எழுத்துக்காக அமைந்தது இல்லை. படிக்கப் பழகும்போதுதான் எழுத்துக்குப் பழகுகிறது. பெரியவர்கள் ஆன பிறகு படிக்கக் கற்றவர்களுக்கும் அது அப்படியே பழகியிருந்தது.

இதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. இத்தனை நாள், இந்த வயசில் இனிமேல் என்ன என்று அவரும் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு லைன் அறுந்திருக்கவில்லை. லைன் இழுக்கவே யாரும் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவி நிறுத்திய பிறகு, வழியில் வருகிற ஊர்ப் பலகைகளின் பெயர்களை எழுதிப் பழக்குகிறேன். ஆறு ஊர்ப் பெயர் முடிந்திருக்கிறது.

தாத்தா கடை

தாத்தாவுக்குப் படிப்பு திரும்பி வரவில்லை. உங்களுக்காக வந்துவிட்டதாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய். உள்ளங்கையில் எழுத்தை எழுதிக் காட்டினால் கண்டுபிடிக்கிறார். தானே விரலால் காற்றில் வரைந்து ஒன்றிரண்டு சொல்லைப் பிடிக்கிறார். நாலு எழுத்துக்குள் வேர்த்துவிடுகிறது. கடையை மூடிவிடலாம் என்று அவர் மகன் சொன்னார். டெஜெரினைப் படித்த தைரியத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். எந்த லைன் நன்றாக இருக்கிறதோ அதில் கரண்டைத் திருப்பிவிட வேண்டியதுதானே? அளவு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் துணியில் ஒரு துண்டைக் குத்தி வைத்தோம். நிறத்தின் பெயர் சொல்ல இப்போது தாத்தா தடுமாறுகிறார். ஆனால் துண்டைத் தொட்டதும் எந்தத் துணி என்று விரல் சொல்லிவிடுகிறது. ஐம்பது வருஷ விரல் அல்லவா! ஆள் பெயருக்குப் பதில் வரிசை எண் போட்டு, அதே எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். எண் அவருக்குத் தெரிகிறதே. கடை நடக்கிறது. முன்பு மாதிரிக் கூட்டம் இல்லை, ஆனால் நடக்கிறது. நாடகம் என்று பேசியவர்களில் இரண்டு பேர் இந்தப் பொங்கலுக்குத் துணி கொடுத்தார்கள்.

அவரைச் சோதித்துப் பார்த்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். தாத்தா சிரித்துவிட்டு, அந்த டாக்டரும் சோதித்துத்தானே பார்த்தார் என்றார். அது வேறு தாத்தா, அவர் நம்பிக்கொண்டு சோதித்தார், நான் நம்பாமல் சோதித்தேன் என்றேன்.

நண்பர்களே, டெஜெரின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒருவரால் ஒரு வேலை முடியவில்லை என்றால் உடனே ஆளைக் குறை சொல்லாதீர்கள். என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். பழுது எங்கே என்று தேடுங்கள். நாளை நாம் மிஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள், அதே பொறுமையை மனிதர்களுக்கு முன்னாலும் காட்டுவோம். இன்னொன்று, வீட்டில் யாருக்காவது திடீரென்று படிப்போ பேச்சோ பார்வையோ கை காலோ தடுமாறினால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளை அடைப்புக்கு முதல் சில மணி நேரம்தான் முக்கியம். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைத் தாத்தா கடைக்குத்தான் எடுத்துப் போவேன். காலை டீ நேரத்தில் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, இந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படிக்கப் போகிறேன். பால்காரரும் கீரைக்கார அம்மாவும் இருப்பார்கள். தப்பாகப் படித்தால் தட்டுவதற்கு அளவுக் கோல் தாத்தா கையில் இருக்கும்.

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல்